75 டன் கல் கிண்ணம்: எங்கள் வீட்டுக் குழுவில்

நித்யா: (3 படங்கள்) அப்பா, இது உங்களுக்காகவே எடுத்தது. பெர்லினில் லுஸ்ட்கார்ட்டன் என்று அரண்மனைக்கு எதிரே ஒரு பழைய பூங்கா, அங்கே அருங்காட்சியகப் படிக்கட்டுக்கு முன்னால் இருக்கிறது. முழுக்க ஒரே கல். குறுக்களவு 6.91 மீட்டர், எடை சுமார் 75 டன்.

கார்த்தி: அக்கா கீழே நிற்பது நீயா? விளிம்பு தலைக்கு மேலே போகிறதே

அம்மா: எதற்கு இவ்வளவு பெரிய தொட்டி, தண்ணீர் நிரப்புவார்களா?

நித்யா: இல்லம்மா, அழகுக்குத்தான். பிரஷ்யா நாட்டு ராஜா மூன்றாம் பிரெடரிக் வில்லியம் ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னது. அருங்காட்சியகத்துக்குள்ளே வட்ட மண்டபத்தில் வைப்பதாகத்தான் இருந்தார்கள். கான்டியான் என்ற கல்வேலைக்காரர் இன்னும் பெரிதாகவே எடுக்கலாம் என்றார், ராஜாவும் சரி என்றுவிட்டார், அப்புறம் அது உள்ளே வைக்கிற அளவைத் தாண்டிவிட்டதால் வெளியே வைத்தார்கள்.

அப்பா: கண்ணு, கருங்கல்தானா? கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது. 75 டன்னுக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் பாறை அதைப்போலப் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். எந்த மலையில் எடுத்தார்கள்

நித்யா: மலையே இல்லை அப்பா. ரௌவன் என்ற ஊர்ப்பக்கம் காட்டில் தனியாகக் கிடந்த பாறை, 700 டன்னுக்கு மேல். அது அந்த ஊர்க் கல்லும் இல்லை. ஸ்வீடனில் கார்ல்ஸ்ஹாம்ன் பக்கத்துக் கல், பனியுகத்தில் பனிப்பாளம் இழுத்துக்கொண்டு வந்து அங்கே போட்டுவிட்டுப் போனதாம்.

அப்பா: அப்படியா. அப்படியென்றால் அது நல்ல கல். அவ்வளவு தூரம் உருண்டும் தேய்ந்தும் வந்ததில் உள்ளே விரிசல் ஓட்டம் இருந்த பாகமெல்லாம் வழியிலேயே உடைந்து போயிருக்கும், உறுதியானது மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும். எப்படிப் பிளந்தார்கள்

நித்யா: ஆப்பு வைத்துத்தான், 1827இல்.

அப்பா: கார்த்தி, நீயும் படி. இதில் கை பலம் பெரிதில்லை. வரிசையாகக் குழி போட்டு ஆப்பை இறக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடி, மறுபடி முதல் ஆப்பிலிருந்து ஒரு அடி, இப்படியே போய்க்கொண்டிருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே ஆப்பைப் போட்டு அடித்தால் கல் தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். கணீர் என்று கேட்டது சட்டென்று மந்தமாகும், அப்போது கல் விட்டுவிட்டது என்று அர்த்தம். நான் 31 வருடம் கேட்ட சத்தம் அது.

அம்மா: இப்போதும் தூக்கத்தில் தட்டுகிறார்

கார்த்தி: சரி, காட்டிலிருந்து ஊருக்கு எப்படிக் கொண்டு வந்தார்கள்?

நித்யா: அங்கேயே செதுக்கி எடையைக் குறைத்து, உருளைக் கட்டைமேல் வைத்து ஸ்ப்ரீ ஆறு வரைக்கும் நகர்த்தி, படகில் ஏற்றி பெர்லினுக்கு. அப்புறம் நீராவி எந்திரம் வைத்துத் தேய்த்து மெருகு போட்டார்கள், அதற்கு மட்டும் இரண்டரை வருடம் ஆனது. 1834இல்தான் பீடத்தில் உட்கார்ந்தது. நாஜிகள் பூங்காவை அணிவகுப்புத் திடலாக்கியபோது பக்கத்துத் தேவாலயத்துக்கு வடபக்கம் தள்ளிவிட்டார்கள். 1981இல்தான் பழைய இடத்துக்கே வந்தது.

அப்பா: மெருகு எப்படி இருக்கிறது. அடிப்பக்கம் கையை வைத்துப் பார்த்தாயா

நித்யா: வைத்தேன் அப்பா. மங்கிவிட்டது. வெயில், மழை, பனி எல்லாம் பட்டு சொரசொரவென்று இருக்கிறது, உள்ளங்கையில் மணி மணியாகத் தட்டுப்பட்டது. ஆனால் இந்தப் படத்தைப் பாருங்கள் (1 படம்). பீடத்தில் ஏற்றுவதற்கு முன்பே, 1831இல் ஹும்மெல் என்ற ஓவியர் வரைந்தது. கிண்ணத்தின் அடிப்பக்கத்தில், சுற்றி நிற்கிற ஆட்கள் தலைகீழாகத் தெரிகிறார்கள்.

அப்பா: பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். வளைந்த கருங்கல்லில் ஆள் முகம் விழுகிற அளவுக்கு மெருகு என்றால் அந்த வேலையாட்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். சமதளத்தில் போடுவது வேறு, வளைவில் ஒரு இடம் கூடத் தேய்ந்தால் பிம்பம் கோணிவிடும். மங்கிப்போனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது கண்ணு. ஒரு கூரையாவது போட்டிருக்கலாம்.

நித்யா: எனக்கும் அப்படித்தான் தோன்றியது அப்பா. பிளந்த பாறையின் மீதி இன்னும் அந்தக் காட்டிலேயே இருக்கிறது தெரியுமா?

அப்பா: மீதி இருக்கிறதா! அதை முதலில் சொல்ல வேண்டாமா. எவ்வளவு தூரம்

நித்யா: ஃபூர்ஸ்டன்வால்டே வரை ரயில், அங்கிருந்து பக்கம்தான். சனிக்கிழமை போகட்டுமா?

அப்பா: போ. பிளந்த முகத்தைப் படம் எடு, ஓரத்தில் ஆப்புக் குழித் தடம் இருக்கிறதா பார். இருந்தால் ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் எத்தனை விரற்கடை என்று உன் கையை வைத்து எடு, அப்போதுதான் எனக்கு அளவு தெரியும். வெயில் சாய்ந்த பிறகு எடு, தடம் நன்றாகத் தெரியும்.

அம்மா: காடு என்கிறாயே, தனியாகப் போகாதே. யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போ.