சான்டா கிளாரா கவுன்ட்டியில் வீடு வாங்கியோருக்கு: சொத்து வரிச் சீட்டில் வரும் கடன் பத்திர வரி

சொத்து வரி என்றால் வீட்டு மதிப்பில் 1 சதவீதம்தானே என்று கணக்குப் போட்டு வைத்திருந்த பலர், முதல் சீட்டு வந்ததும் அதற்கு மேலே ஏன் இத்தனை வரிகள் என்று கேட்கிறார்கள். அந்த 1 சதவீத உச்சவரம்பு 1978இல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவால் வந்தது. 1986இல் வந்த திருத்தத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடனை அடைப்பதற்கான வரி அந்த வரம்புக்குள் அடங்காது. சீட்டின் கீழ்ப்பகுதியில் வரிசையாக நிற்கும் சிறு தொகைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

ஒரு மருத்துவமனையை ஆண்டு வருவாயைக் கொண்டு கட்டிவிட முடியாது. ஆகவே கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நிர்வாகம் கடன் பத்திரங்களை விற்று மொத்தப் பணத்தையும் முதலிலேயே திரட்டிக்கொண்டு, அசலையும் வட்டியையும் பல ஆண்டுகளுக்குச் சொத்து வரியிலிருந்து அடைக்கிறது. இத்தகைய பத்திரங்களின் வட்டிக்குப் பொதுவாக மத்திய வருமான வரி கிடையாது என்பதால், முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கே அவற்றை வாங்குகிறார்கள். கவுன்ட்டியின் பொது மருத்துவமனையை நிலநடுக்கத்தைத் தாங்கும்படி புதுப்பிக்க 2008இல் 84 கோடி டாலருக்கும், எளியோருக்கான வீட்டு வசதிக்கு 2016இல் 95 கோடி டாலருக்கும் நம் கவுன்ட்டி வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். பள்ளிக் கடன்களுக்கு மட்டும் 2000 முதல் 55 சதவீத வாக்கு போதும். வீட்டு வசதிக்கும் பொதுக் கட்டமைப்புக்கும் அதே அளவை நீட்டிக்கும் முயற்சி 2024இல் மாநில அளவில் தோற்றது.

புதிதாக வந்தவர்களை உறுத்த வேண்டிய இடம் வேறு. வரிக்கான மதிப்பு வாங்கிய விலையில் தொடங்கி, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கடன் பத்திர வரியும் அந்த மதிப்பின் மீதே விழுகிறது. உதாரணத்துக்கு, லட்சம் டாலருக்கு 10 டாலர் வீதம் என்று வைத்துக்கொண்டால், 15 லட்சத்துக்கு இப்போது வாங்கிய நீங்கள் 150 டாலர் கட்டும்போது, 3 லட்ச மதிப்போடு அதே தெருவில் பல காலமாக இருப்பவர் 30 டாலர்தான் கட்டுவார். விசாவில் இருப்பவருக்கோ வாக்கும் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இத்தகைய கடன்கள் வாக்கெடுப்புக்கு வரும்போது வெளியாகும் வாக்காளர் கையேட்டை, வாக்கு இல்லாதவர்களும் இணையத்தில் படிக்கலாம். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களைவிட, லட்சம் டாலருக்கு எவ்வளவு வரி என்று கூறும் வரிவீத அறிக்கையை முதலில் பாருங்கள். கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்ததுபோல் வாடகையாகத் திருப்பிக் கட்டும் குத்தகை முறைக் கடன்களுக்கு மக்கள் வாக்கே தேவையில்லை. அவற்றைக் கவுன்ட்டி தன் பொது நிதியிலிருந்து அடைப்பதால், அவை உங்கள் சீட்டில் தனி வரியாகத் தெரியாது.

வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனமே வரியைக் கட்டுகிறது என்றாலும், உங்கள் மனைக்குரிய அடையாள எண்ணான பார்சல் எண்ணைக் கொடுத்துக் கவுன்ட்டியின் இணையதளத்தில் சீட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்களே கட்டுவதாக இருந்தால் முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாம் தவணைக்கு ஏப்ரல் 10 கடைசி நாள். தவறினால் 10 சதவீத அபராதம் உண்டு.