தினமும் காலை பத்தரைக்கு ஜியோசர்வர் மேப் வெள்ளையாகிறது, ரீஸ்டார்ட் செய்தால்தான் திரும்ப வருகிறது

குழாய்வழி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு நகராட்சியின் குடிநீர்ப் பிரிவுக்கு ஓடும் வெப் மேப்பை நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் கேட்க ஆளில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே உபுண்டு சர்வர், 4 கோர், 16 ஜிபி ராம். மேப்பைப் படமாக வரைந்து தரும் ஜியோசர்வர் 2.22, அது ஓடும் டாம்கேட் 9, கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப முன்னால் என்ஜின்எக்ஸ். டேட்டா இருக்கும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வரைபட இணைப்பு) அதே மெஷினில்தான். பைப்லைன், வால்வு, மேல்நிலைத் தொட்டி, தெரு, வீட்டு இணைப்பு, அப்புறம் சொத்து வரிப் பிரிவிலிருந்து வரும் கட்டட எல்லை. கட்டட எல்லை மட்டும் சுமார் 3 லட்சம் பாலிகன். ஜியோசர்வரில் 6 ஸ்டோர் (டேட்டாபேஸோடு இணைக்கும் அமைப்பு) வைத்திருக்கிறோம்.

காலை எட்டு மணிக்கு நான் திறந்தால் மேப் மெதுவாக என்றாலும் வருகிறது. பத்து மணிக்கு மேல் பொறியாளர்களும் ஃபிட்டர்களும் திறக்க ஆரம்பித்ததும் டைல்கள் (மேப்பின் சதுரத் துண்டுகள்) ஒவ்வொன்றாக நின்றுபோய், பத்தரைக்குள் முழுதும் வெள்ளை. லாகில் 'கேன்னாட் கெட் எ கனெக்‌ஷன், பூல் எரர், டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் ஐடில் ஆப்ஜெக்ட்' என்று, அதாவது டேட்டாபேஸ் இணைப்புக்குக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது என்று, பக்கம் பக்கமாக வருகிறது. டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் கால் மணி நேரம் ஓடும், மறுபடி அதே கதை.

ஜாவா ஹீப்பை (ஜாவாவுக்கு ஒதுக்கும் மெமரி) 2 ஜிபியிலிருந்து 8 ஜிபி ஆக்கினேன், பலனில்லை. ஆறு ஸ்டோரிலும் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 10 என்று இருந்ததை 50 ஆக்கினேன், இப்போது லாகில் எரர் மாறி 'டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' என்று வருகிறது. கடைசியில் வேறு வழி தெரியாமல் காலை 10:15-க்கும் 11 மணிக்கும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி கிரான் போட்டிருக்கிறேன்.

போன வியாழன் மெயின் லைன் உடைந்த இடத்தில் நின்றுகொண்டு, எந்த வால்வை அடைக்க வேண்டும் என்று ஒரு ஃபிட்டர் போன் செய்தார். அவர் போனில் மேப் வரவில்லை. நான் பீரோவில் இருந்த பழைய பேப்பர் வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொல்ல இருபது நிமிடம் ஆனது, அதுவரை தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எப்படியாவது சரி செய்துவிட வேண்டும் என்று கேட்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், தெருப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன, மேப்பில் கட்டம் கட்டமாக வருகின்றன. இதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

முதலில் அந்த கிரானை எடுத்துவிடுங்கள் நண்பரே. ரீஸ்டார்ட் செய்யும்போது எந்தக் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) மாட்டிக்கொண்டு நிற்கிறது என்ற தடயமும் சேர்ந்து அழிந்துபோகிறது, தினமும் நீங்கள் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது.

கனெக்‌ஷன் எண்ணிக்கையையும் பழையபடி 10-க்கே கொண்டுவாருங்கள். ஜியோசர்வரில் ஒவ்வொரு ஸ்டோரும் தனக்கென்று ஒரு பூல் (திறந்து வைத்த இணைப்புகளின் தொகுப்பு) வைத்துக்கொள்ளும், ஆறு ஸ்டோருக்கு 50 என்றால் 300. போஸ்ட்கிரெஸ் மாற்றாமல் விட்டால் மொத்தமாக ஏற்றுக்கொள்வது 100 தான். இரண்டாவது எரர் அங்கிருந்து வருகிறது. ஆறும் ஒரே டேட்டாபேஸுக்குத்தான் போகிறது என்றால் பிறகு நிதானமாக டாம்கேட்டில் ஒரே பொது பூல் வைத்து, ஆறு ஸ்டோரையும் அதிலிருந்து எடுக்கச் சொல்லலாம், ஆனால் அது இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை இல்லை. ஹீப் 8 ஜிபி என்பதும் இந்த மெஷினில் கெடுதல்தான். டேபிள்களை மெமரியில் வைத்துக்கொள்ள போஸ்ட்கிரெஸுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை ஜாவா எடுத்துக்கொள்கிறது.

உங்கள் லாகை நான் இப்படித்தான் படிக்கிறேன்: வாங்கிய கனெக்‌ஷன் சீக்கிரம் திரும்பி வருவதில்லை. ஆகவே ஒரு டைல் வரைய ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண அலுவலக மானிட்டரில் 256 பிக்சல் டைல் என்றால் ஒரு திரை நிறைய 40-க்குக் குறையாது. பிரவுசர் ஒரே சர்வரிடம் ஒரே நேரத்தில் 6 கேட்கும், என்ஜின்எக்ஸில் எச்டிடிபி/2 போட்டிருந்தால் அதைவிட நிறைய. பத்துப் பேர் திறந்தாலே 60 கோரிக்கை ஒன்றாக வந்து விழும். ஒரு டைல் 50 மில்லிசெகண்டில் முடிந்தால் 10 கனெக்‌ஷன் தாராளம். அதுவே 4 செகண்ட் எடுத்தால் வரிசை நீண்டுகொண்டே போகும், பின்னால் நிற்பவை 20 செகண்ட் காத்திருந்துவிட்டு அந்த எரரைப் போட்டு விழும். மேப் வரவில்லையே என்று ஆட்கள் பெரிதாக்கிச் சிறிதாக்கி இழுத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அவர்கள் பிரவுசர் பழைய கோரிக்கையை விட்டுவிட்டாலும் டேட்டாபேஸில் அந்தக் குவெரி பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நாளை பத்தரைக்கு மேப் நின்றதும் எதையும் ரீஸ்டார்ட் செய்யாமல் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியை (போஸ்ட்கிரெஸில் இப்போது ஓடும் குவெரிகளின் பட்டியல்) பாருங்கள். எத்தனை குவெரி ஓடுகிறது, எந்த டேபிள், எத்தனை செகண்டாக. அதை இங்கே போடுங்கள்.

இன்னொன்று, இது எப்போது தொடங்கியது? அதற்கு முன்னால் என்ன மாறியது?

அடுக்குவரை:

டைல் கேஷ் போட்டுவிடுங்கள் சார். ஜியோவெப்கேஷ் ஜியோசர்வருக்குள்ளேயே இருக்கிறது. கட்டட எல்லையும் தெருவும் தினமும் மாறப்போவதில்லை, ஒரு முறை வரைந்த டைலை டிஸ்கில் வைத்துக்கொண்டால் டேட்டாபேஸ் பக்கமே போகாது. அதோடு கன்ட்ரோல்-ஃப்ளோ எக்ஸ்டென்ஷன் போட்டு கெட்மேப் (மேப் படம் கேட்கும்) கோரிக்கை ஒரே நேரத்தில் இத்தனைதான் ஓடலாம் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டால் சர்வர் படுக்காது. நாங்கள் இந்த இரண்டையும் வைத்துத்தான் ஓட்டுகிறோம்.

ஏரிக்கரை:

இரண்டும் நல்ல யோசனைதான், ஆனால் இப்போதே வேண்டாம் என்பேன். கேஷ் போட்டால் நோய் மறைந்துபோகும், குணமாகாது. முன்பே வரைந்த ஸூம் அளவுகள் கேஷில் இருக்கும், ஒருவர் தெரு அளவுக்குப் பெரிதாக்கினால் அங்கே மறுபடி அதே 4 செகண்ட் குவெரி. வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்டும் லேயரை கேஷ் செய்யவே கூடாது, பழைய நிலையைப் பார்த்து ஒருவர் பள்ளத்தில் இறங்கிவிடுவார். முதலில் காரணம் தெரியட்டும்.

குழாய்வழி:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். இன்று 10:34-க்கு மேப் நின்றது. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் ஜியோசர்வரிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவை சரியாக 10, பத்தும் கட்டட எல்லை டேபிள். மற்ற லேயர் ஒன்றுகூட இல்லை. நாலு கோரும் 100 சதவீதம். அதில் ஒரு குவெரியை எடுத்து ஆள் இல்லாத நேரத்தில், இரவு எட்டு மணிக்கு, எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் (குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டு ஓட்டினேன். ஒரு தெரு அளவு சதுரம்தான் கேட்கிறது, 41 கட்டடம் வருகிறது, அதற்கு 2.3 செகண்ட். மேலே 'சீக்வென்ஷியல் ஸ்கேன்' என்று போட்டிருக்கிறது.

என்ன மாறியது என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் மாறவில்லை என்றுதான் முதலில் எழுத வந்தேன். யோசித்துப் பார்த்தால், மூன்று வாரத்துக்கு முன் ஒப்பந்தக்காரர் ஒருவர் இரவு 2 மணிக்கு ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தார். சொத்து வரிப் பிரிவு தரும் ஷேப்ஃபைலை (வரைபட டேட்டா ஃபைல்) எடுத்து கட்டட எல்லை டேபிளைப் புதுப்பிக்கும். தொந்தரவும் ஏறக்குறைய அப்போதுதான் ஆரம்பித்தது. அதில் ஷேப்ஃபைலை டேட்டாபேஸில் ஏற்றும் ஷேப்2பிஜிஎஸ்கியூஎல் கட்டளையில் மைனஸ் சின்ன டி இருக்கிறது, அப்புறம் கோஆர்டினேட் எண் இருக்கிறது, வேறு குறி எதுவும் இல்லை.

ஏரிக்கரை:

அப்படியென்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். சின்ன டி என்றால் பழைய டேபிளை அப்படியே டிராப் செய்துவிட்டுப் புதிதாக உருவாக்கு என்று அர்த்தம். டேபிளோடு அதன் ஸ்பேஷியல் இண்டெக்ஸும் (இடத்தை வைத்துச் சட்டென்று தேட உதவுவது) போய்விடும். புதிய டேபிளுக்கு இண்டெக்ஸ் வேண்டும் என்றால் கேப்பிட்டல் ஐ சேர்த்துக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் போடாது. மூன்று வாரமாக ஒவ்வொரு இரவும் உங்கள் இண்டெக்ஸ் அழிந்துகொண்டிருக்கிறது. 41 கட்டடத்தைத் தேட 3 லட்சத்தையும் முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு டைலுக்கும் புரட்டுகிறது.

உடனே செய்ய வேண்டியது: டேபிளின் ஜியாமெட்ரி நெடுவரிசை மேல் ஜிஸ்ட் வகை ஸ்பேஷியல் இண்டெக்ஸ் ஒன்று போட்டு, பிறகு அந்த டேபிளுக்கு ஒரு அனலைஸ் (டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை). சில நிமிட வேலை.

நிரந்தரமாக என்றால் ஸ்கிரிப்டில் கேப்பிட்டல் ஐ சேர்த்தாலே போதும்தான், ஆனால் டிராப் செய்யும் வழக்கத்தையே நான் விட்டுவிடச் சொல்வேன். ஷேப்ஃபைலைத் தனியாக ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றுங்கள், எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் (ஒரு நாள் காலி ஃபைல் வந்தால் மேப்பே காலியாகிவிடும், எங்களுக்கு ஆகியிருக்கிறது), சரியாக இருந்தால் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் உண்மையான டேபிளை டிரங்கேட் செய்து (காலி செய்து) தற்காலிக டேபிளிலிருந்து நிரப்புங்கள். இண்டெக்ஸும் அனுமதிகளும் அப்படியே இருக்கும், நடுவில் ஏதாவது உடைந்தால் நேற்றைய டேட்டா பத்திரமாக இருக்கும்.

இதில் எனக்கு மனதில் உறுத்துவது வேறொன்று. தினமும் டேபிளை அழித்து உருவாக்கியும் ஜியோசர்வர் தொடர்ந்து படித்தது என்றால், ஸ்கிரிப்டும் ஜியோசர்வரும் ஒரே டேட்டாபேஸ் யூசரில் நுழைகின்றன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஜியோசர்வருக்குப் படிக்க மட்டும் உரிமை உள்ள தனி யூசர் கொடுத்திருந்தால், முதல் இரவே டேபிளோடு அந்த உரிமையும் போய், மறுநாள் காலை கட்டட லேயர் மட்டும் 'பெர்மிஷன் டினைட்' என்று நின்றிருக்கும், நீங்கள் அன்றைக்கே ஸ்கிரிப்டைப் பார்த்திருப்பீர்கள். தனி யூசர் கொடுங்கள், அந்த யூசருக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (ஒரு குவெரி ஓடக்கூடிய அதிகபட்ச நேரம்) 30 செகண்டும் வைத்துவிடுங்கள். ஸ்டைலில் கட்டட லேயர் குறிப்பிட்ட ஸ்கேலுக்கு மேல் பெரிதாக்கினால்தான் தெரிய வேண்டும் என்று வைத்தால் இன்னும் நல்லது. ஊர் முழுதும் ஒரே திரையில் தெரியும்போது 3 லட்சம் கட்டடத்தை வரைந்து யாருக்கும் பயனில்லை.

தளவாய்:

கேள்வியில் 2.22 என்று பார்த்ததும் பதறிவிட்டது. இந்த சர்வர் இன்டர்நெட்டிலிருந்து திறந்திருக்கிறதா? ஃபிட்டர்கள் போனில் பார்க்கிறார்கள் என்கிறீர்கள், அப்படியென்றால் திறந்துதான் இருக்கும்.

2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோசர்வரில் சிவிஇ-2024-36401 என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. லாகின் எதுவும் இல்லாமல் வெளியிலிருந்து ஒருவர் உங்கள் சர்வரில் தன் கட்டளையை ஓட்ட முடியும், தீவிரம் 10-க்கு 9.8. 2.23.6, 2.24.4, 2.25.2 பதிப்புகளில் அடைத்தார்கள். நிறையப் பேர் அட்மின் பக்கத்தை என்ஜின்எக்ஸில் மூடிவிட்டேன், போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. சாதாரண கெட்மேப், கெட்ஃபீச்சர் கோரிக்கை வழியாகவே உள்ளே வரலாம், அதை மூடினால் மேப்பே இல்லை. பதிப்பு மாற்றுவதுதான் வழி.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள், உங்கள் டேட்டா டைரக்டரி (ஜியோசர்வரின் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர்) டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால் புதிய பதிப்பின் வார் ஃபைல் (நிறுவல் ஃபைல்) போடும்போது லேயர், ஸ்டைல் எல்லாம் அழிந்துபோகும். முதலில் அதை வெளியே நகர்த்தி, நகல் எடுத்து, பிறகு செய்யுங்கள். தற்போதைய ஸ்டேபிள் பதிப்புக்கே போய்விடுங்கள், எந்த டாம்கேட், எந்த ஜாவா வேண்டும் என்று முதலில் பார்த்துக்கொண்டு. 2.x வரிசை டாம்கேட் 10-இல் ஓடாது. பழைய மெஷினில் அறிமுகமில்லாத பிராசஸ், கிரான் வரிகள் ஏதும் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

குழாய்வழி:

இண்டெக்ஸ் போட்டுவிட்டேன். அதே குவெரி இப்போது 5 மில்லிசெகண்ட். கிரான் இல்லாமலே இன்று பத்தரை தாண்டியது, பதினொன்று தாண்டியது, மாலை வரை ஒரு எரர் இல்லை, மேப் நிற்கவே இல்லை. ஹீப்பை 4 ஜிபிக்குக் குறைத்தேன், பூலை 10-இலேயே விட்டிருக்கிறேன். ஏரிக்கரை அண்ணா, மிக்க நன்றி.

தளவாய் சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. டேட்டா டைரக்டரி வெப்ஆப்ஸுக்குள்தான் இருந்தது. இன்று இரவே நகர்த்திவிட்டுப் பதிப்பு மாற்றுகிறேன், அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

தமிழ் எழுத்து மட்டும் பாக்கி.

அடுக்குவரை:

அது எளிது சார். டைலில் எழுத்தை வரைவது உங்கள் பிரவுசர் இல்லை, சர்வர். சர்வரில் தமிழ் ஃபான்ட் இல்லாததால் கட்டம் வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் எதையாவது இன்ஸ்டால் செய்து டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சர்வர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஃபான்ட் பட்டியல் இருக்கும், அதில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே ஸ்டைலில் கொடுங்கள்.

ஆனால் எழுத்து வந்த பிறகு பெயர்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தெரு டேட்டாவும் ஷேப்ஃபைலாகத்தான் வருகிறது என்றால் டிபிஎஃப்பில் (ஷேப்ஃபைலோடு வரும், பெயர்கள் இருக்கும் ஃபைல்) நெடுவரிசையின் அகலம் பைட் கணக்கு. யுடிஎஃப்-8 தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'சுப்பிரமணியபுரம்' என்ற ஒரு சொல்லே 48 பைட். நெடுவரிசை அகலம் 50 என்று வைத்திருந்தால் அதற்கு மேல் எதுவும் நுழையாது. எங்களிடம் அப்படித்தான் முதல் தெரு, இரண்டாவது தெரு, மூன்றாவது தெரு எல்லாமே வெறும் சுப்பிரமணியபுரமாக நின்றன. அகலத்தை அதிகபட்சம் 254 வரை கூட்டலாம், அதைவிட ஷேப்ஃபைலுக்குப் பதிலாக ஜியோபேக்கேஜ் வடிவில் கேட்டு வாங்குங்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை.

குழாய்வழி:

ஃபான்ட் போட்டதும் கட்டம் போய் எழுத்து வந்துவிட்டது. நீங்கள் சொன்னது போலவே எங்கள் தெரு டேபிளிலும் நெடுவரிசை அகலம் 50 தான், நீளமான பெயர்கள் எல்லாம் பாதியில் நிற்கின்றன. ஜியோபேக்கேஜ் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். வரும்வரை மெயின் லைன் போகும் தெருக்களை மட்டும் வார்டு பதிவேட்டைப் பார்த்துக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன், இதுவரை நாலு வார்டு முடிந்திருக்கிறது.