அஷ்ட சூரணம் எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. ராத்திரி எது சாப்பிட்டாலும் வயிறு உப்பி ஏப்பம் வந்துகொண்டே இருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டு வாயுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பாட்டி இருந்தவரை வீட்டில் அஷ்ட சூரணம் இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு எல்லாம் சேர்த்து இடித்து, சுடுசோற்றில் நெய் விட்டு முதல் கவளத்தில் பிசைந்து கொடுப்பார். அளவை யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் வம்பு.

போன மாதம் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் வாங்கினேன். பெருங்காய வாசனையே இல்லை, ஒரே உப்பு, பத்து நாளில் கட்டி தட்டிவிட்டது. சென்னை திருவான்மியூரில் இருக்கும் இம்காப்ஸ் என்ற நாட்டு மருந்துக் கூட்டுறவு நிறுவனத்தில் சமீபத்தில் யாராவது வாங்கினீர்களா? வீட்டிலேயே இடிப்பதென்றால் பெருங்காயம் மற்றதற்குச் சமமாகவா, குறைவாகவா? கட்டிப் பெருங்காயத்தை நெய்யில் பொரித்துத்தானே போட வேண்டும்?

அப்புறம், அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இந்துப்பும் உப்புதானே, அதைக் குறைத்துச் செய்தவர்கள் சொல்லுங்கள். டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். தயவுசெய்து திரிபலா வாங்குங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், மலச்சிக்கல் தொல்லை அம்மாவுக்கு இல்லை.