பாட்லிக்கர்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

அன்பர்களே,

ஆப்பிரிக்க அமெரிக்கரின் புத்தாண்டுச் சமையல் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் 'பாட்லிக்கர்' (potlikker) என்பது 'சட்டி மது' ஆகியிருக்கிறது. மதுவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. புகையூட்டிய பன்றிக் கணுக்காலோடு காலர்டு கீரையை வேகவைத்தால் சட்டியில் நிற்கும் சாறு அது. ஜனவரி 1 அன்று ஹாப்பிங் ஜான் என்னும் காராமணிச் சோறு, காலர்டு, சோள ரொட்டி மூன்றும் சேர்ந்து வரும். காராமணி சில்லறைக் காசு, கீரை பணநோட்டு, ரொட்டி தங்கம் என்பது நம்பிக்கை. 'வடிநீர்' பொருந்துமா?

மறுமொழி 1

பொருந்தாது. இதை யாரும் வடிப்பதில்லை. கீரையோடு சேர்த்தே பரிமாறுவார்கள். 'கீரைச்சாறு' என்றால் அரைத்துப் பிழிந்தது என்று தோன்றும். 'தண்ணிச்சாறு' நல்ல சொல்தான், ஆனால் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த குழம்புக்கு அது ஏற்கனவே பெயராக இருக்கிறது. 'அவிசாறு' என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை.

செய்முறையில் வைத்துப் பாருங்கள். ஒரு கணுக்காலை 2 லிட்டர் நீரில் ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் வேகவிடவும். பன்றி வேண்டாதவர்கள் புகையூட்டிய வான்கோழிக் கழுத்தைப் போடுகிறார்கள். ஒரு கிலோ காலர்டின் நடுத்தண்டை உருவிவிட்டு, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நறுக்கிப் போட்டு, மேலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். உப்பு கடைசியில்தான்: இறைச்சியிலேயே உப்பு உண்டு, அவிசாறு வற்ற வற்றக் கரிக்கும். வினிகரும் இறக்கும்போதுதான். முன்னமே ஊற்றினால் இலை மெதுவாகாமல் விறைத்து நிற்கும், நிறமும் மங்கும். பச்சை நிறத்துக்காகச் சோடா உப்பு போட்டால் கீரை கூழாகிவிடும்.

மறுமொழி 2

'அவிசாறு' இன்னொரு இடத்திலும் உதவும். காராமணி வெந்த நீரும் இதே வகைதான். ஹாப்பிங் ஜானின் சுவையே அதில் இருக்கிறது. 1847இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அச்சான செய்முறை, பயறு வெந்த சட்டியிலேயே அரிசியைப் போடச் சொல்கிறது. (அதில் இருப்பது சிவப்புப் பயறு, கருங்கண் காராமணி இன்று பரவலாக இருப்பது.) எனவே 'கீரை அவிசாறு', 'பயற்று அவிசாறு' என்று பிரிக்கலாம்.

அளவு: இரவு ஊறிய காராமணி ஒரு கப். பயறு உடையாமல், நசுக்கினால் மசியும் பதத்தில் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் மாவு கரைந்து சோறு பசையாகும். பயற்றை எடுத்துவிட்டு அவிசாற்றை அளக்கவும். நீள அரிசி ஒரு கப்புக்கு இரண்டு கப். பயறு ஏற்கனவே நீர் குடித்திருப்பதால் கால் கப் குறைத்தாலும் வேகும். குறைந்தால் வெந்நீர் சேர்க்கலாம். பயற்றையும் அரிசியையும் போட்டு மூடி, சிறுதீயில் 18 நிமிடம், இறக்கி 10 நிமிடம். இடையில் கிளறக் கூடாது.

மறுமொழி 3

எனக்குச் 'சட்டிச்சாறு' பிடித்திருந்தது, மூலத்தில் சட்டி இருப்பதால். ஆனால் கீரையா, பயறா, வெந்தது எது என்பதை அது காட்டுவதில்லை. 'அவிசாறு' முன்னால் 'கீரை', 'பயறு' என்று சேர்க்க இடம் தருகிறது. விட்டுக்கொடுக்கிறேன்.

பாட்லிக்கர் அமெரிக்காவிலேயே சண்டை மூட்டியதுதான். சோள ரொட்டியை இந்தச் சாற்றில் தோய்ப்பதா, உதிர்த்துப் போடுவதா என்று 1931இல் லூசியானா ஆளுநர் ஹியூவி லாங் அட்லாண்டா நாளிதழ் ஒன்றோடு மல்லுக்கு நின்றார். potlikker என்று எழுதாமல், மதுவைக் குறிக்கும் liquor என்ற எழுத்துக்கூட்டலில் இதை எழுதியதற்காக, 1982இல் ஜார்ஜியாவின் துணை ஆளுநர் செல் மில்லர் நியூயார்க் டைம்சுக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். 'சட்டி மது' போட்டவர் தனியாள் இல்லை.

'காலர்டு கீரை' அப்படியே இருக்கட்டும். முட்டைக்கோசின் உறவுதான், ஆனால் இலை சுருளாமல் தட்டையாக இருப்பதால், கேல் (kale) கீரைக்கு வழங்கும் 'பரட்டைக்கீரை' தவறு. ஹாப்பிங் ஜானையும் ஒலிபெயர்த்தால் போதும்.

பதிவுக்கு: அவிசாறு (பெ.) - கீரை, பயறு, இறைச்சி ஆகியவற்றை நீரில் நெடுநேரம் வேகவைத்தபின் கலத்தில் நிற்கும், உண்ணத்தக்க சாறு.