பலா மரத்தடியில் கரடி: என்ன செய்யலாம்?

மலக்கப்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். நேற்று விடியற்காலை பால் வாங்கக் கதவைத் திறந்தால், முற்றத்துப் பலா மரத்தடியில் கரடி! பழத்தைப் பிய்த்தபடியே என்னை ஏறிட்டுப் பார்த்தது. தூக்குச்சட்டியோடு அப்படியே பின்னால் நகர்ந்தேன். மரத்தை வெட்டிவிடலாமா?

பதில் (வால்பாறை): வெட்டாதீங்க அண்ணே, பழுக்கும் முன்னால் காயைப் பறித்துவிடுங்கள். அந்த வாசனைக்கு யானையும் வரும். எங்கள் லைனில் ரேஷன் அரிசிக்காகச் சமையலறைச் சுவரையே சாய்த்தது. இங்கே யானை நடமாடினால் சிவப்பு விளக்கு எரியும், செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். கரடிக்கு அதெல்லாம் கிடையாது.

பதில் (கூடலூர்): ஓடாதது நல்லது. கரடிக்குப் பார்வை மங்கல், மோப்பம் அதிகம். திடீரென எதிரே போய் நின்றால்தான் பாயும். இருட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டே வெளியே வாங்க.

கேட்டவர்: சரி, பதினான்கு காயும் பறித்தாச்சு. மூன்று நாளாக வீட்டில் பலாக்காய்க் கூட்டுதான்.