யானை, குரங்கு, அப்புறம் அந்த முயல்

தியானத்துக்குத் துணையாக வந்த பௌத்த ஓவியமோ சிற்பமோ இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது திபெத்திய மடங்களின் யானைப் படம். வளைந்து வளைந்து மேலேறும் பாதை, அடியில் கன்னங்கரேலென்று ஓடும் யானை, அதற்கு முன்னால் குரங்கு, பின்னால் கயிறும் அங்குசமுமாகத் துரத்தி வரும் துறவி. யானைதான் மனம். குரங்கு அலைபாய்ச்சல். கயிறு, எடுத்த பொருளை விடாமல் பிடித்திருக்கும் நினைவு. அங்குசம், மனம் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளும் விழிப்பு. ஒன்பது படிகளில் யானை தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் துறவியின் பக்கத்திலேயே சாதுவாகப் படுத்துவிடும்.

குரங்கைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். என் கண்ணில் ஒட்டிக்கொண்டது மூன்றாவது படியில் யானை முதுகில் வந்து உட்காரும் சின்ன முயல். அது நுண்ணிய மந்தம். மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், பெரிதாக எண்ணம் எதுவும் வரவில்லை, உடம்பும் சுகமாக இருக்கிறது, ஆனால் மூச்சு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதே மங்கலாகத்தான் தெரிகிறது. இதை அமைதி என்று எடுத்துக்கொள்வது ரொம்பச் சுலபம். படம் அதற்கு ஓர் உருவம் கொடுத்துவிட்டதால் இப்போதெல்லாம் சட்டென்று பிடிபடுகிறது. முயல் வந்துவிட்டது என்று தோன்றினாலே முதுகு நிமிர்ந்துவிடும்.

பாதையோரம் தீ எரிவதையும் பாருங்கள். அது முயற்சி, மேலே போகப் போகச் சிறிதாகும். தொடக்கத்தில் பாடுபட்டுத்தான் ஆகவேண்டும் என்று படமே சொல்வது எனக்குப் பெரிய ஆறுதல்.

மறுமொழி:
எனக்கு ஆந்திராவின் அமராவதியில் இருந்த பழைய பௌத்தத் தூபியின் சிற்பங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன. காலியான ஓர் ஆசனம், கீழே பாதச் சுவடுகள், சுற்றிலும் கைகூப்பி நிற்பவர்கள். தொடக்ககாலச் சிற்பிகள் பெரும்பாலும் புத்தரை உருவமாகச் செதுக்காமல் ஆசனம், போதி மரம், சக்கரம் என்றே காட்டினார்கள். கவனிப்பது யார் என்று உள்ளே தேடும்போது அந்த ஆசனம் நினைவுக்கு வரும். சத்தம் கேட்கிறது, முழங்கால் வலிக்கிறது, எல்லாம் தெரிகிறது, உட்கார்ந்து கவனிக்கிற ஆளைத்தான் காணோம். முதலில் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, பிறகு அதுவே பெரிய விடுதலையாக ஆகிவிட்டது.

மறுமொழி:
கண்ணை மூடியபின் யானையை மனதில் வரைந்துகொண்டே இருக்க வேண்டுமா?

முதலில் எழுதியவர்:
வேண்டாம். உட்காரும் முன் பார்த்துக்கொண்டால் போதும், கவனம் மூச்சில்தான். புத்தர் உருவத்தையே மனதில் நிறுத்தும் பயிற்சி தனியாக உண்டு, அதை ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்வதே சரி. அப்புறம், கண்ணை முழுக்க மூடியாக வேண்டும் என்றும் இல்லை. பல புத்தர் சிலைகளில் இமை பாதிதான் தாழ்ந்திருக்கும். மந்தம் தட்டினால் நீங்களும் கொஞ்சம் திறந்து, பார்வையைச் சற்று உயர்த்திப் பாருங்கள்.