வீட்டில் பாட்டு பதிய எந்த மல்டிட்ராக் ரெக்கார்டர்? நையாண்டி மேளமும் பதிய வேண்டும்

செக்கானூரணி கீபோர்டு:
வணக்கம். மாடி அறையில் நானே கீபோர்டு, கிட்டார் வாசித்து, பாடிப் பதிகிறேன். லேப்டாப் பழசு. ஐந்தாறு ட்ராக் (தனித்தனியாகப் பதிந்து அடுக்கும் ஒலி) ஏறியதும் சத்தம் வெட்டி வெட்டி வருகிறது. பஃபரை (லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடைவெளியை) கூட்டினால் வெட்டு நிற்கிறது, ஆனால் பாடுவது ஹெட்போனில் பின்தங்கிக் கேட்கிறது. போதும் என்றாகிவிட்டது. கம்ப்யூட்டரே வேண்டாத தனி ரெக்கார்டர் வாங்கப் போகிறேன். டாஸ்காம் டிபி-008இஎக்ஸ், ஜூம் ஆர்8, ஜூம் ஆர்20 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் மாமா நையாண்டி மேளத்தில் உறுமி வாசிக்கிறார். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, உறுமி என்று ஆறு பேர் செட். அவர்களையும் பதிய ஆசை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில், "எட்டு ட்ராக் இருக்கு, ஆறு பேருக்குத் தாராளமாப் போதும்" என்றார்கள். சரியா?

மேலூர் மிக்சர்:
அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள் தம்பி. பெட்டியில் போட்டிருக்கும் எட்டு, அடுக்கி வைக்கக்கூடிய ட்ராக் கணக்கு. ஒரே நேரத்தில் எத்தனை மைக்கை உள்ளே வாங்கும் என்பது வேறு கணக்கு. 008இஎக்ஸ், ஆர்8 இரண்டுமே ஒரு தடவைக்கு இரண்டுதான் வாங்கும். நீங்கள் தனியாளாக முதலில் கிட்டார், அப்புறம் குரல் என்று ஏற்றிக்கொண்டே போவதற்கு அது போதும். மேளக்காரர்களை அப்படி ஒவ்வொருவராக உட்கார வைக்க முடியுமா? தவிலைப் பார்த்துத்தான் பம்பை ஓடும்.

ஆறு பேரையும் ஒரே மூச்சில் தனித்தனி ட்ராக்கில் பிடிக்க குறைந்தது ஆறு இன்புட் (மைக் செருகும் வழி) வேண்டும். ஆர்20-இல் எட்டு உண்டு, டாஸ்காம் டிபி-24எஸ்டியிலும் உண்டு. பழைய ஜூம் ஆர்16 நல்ல நிலையில் கிடைத்தாலும் விடாதீர்கள். ஆனால் அதில் கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் இரண்டே சேனலில்தான் வரும். மற்ற ஆறிலும் அந்த 48 வோல்ட் வேண்டாத டைனமிக் மைக் போட வேண்டியதுதான்.

திருமங்கலம் தவில்:
மிக்சர் அண்ணன் சொன்ன கணக்கு சரிதான், ஆனால் அந்த ஆறு மைக் ஆசையையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேரை நிறுத்தினால் உறுமி மைக்கிலும் தவில்தான் கேட்கும். தவிலைக் குறைக்கலாம் என்று அதன் ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) இறக்குவீர்கள், மற்ற ஐந்து மைக் வழியாகவும் அது வந்துகொண்டே இருக்கும். தனித்தனி ட்ராக் இருந்து என்ன பயன்?

மொட்டை மாடிக்கோ களத்துக்கோ கூட்டிப் போங்கள். முன்னால் இரண்டு மைக் மட்டும் வையுங்கள். உறுமியை இரண்டு மைக்குக்கும் நடுவில் நாலடி கிட்ட நிறுத்துங்கள். குச்சியைத் தோலில் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் தூரத்தில் இருந்தால் அப்படியே அமுங்கிவிடும், யாருக்கும் கேட்காது. தவில் இரண்டையும் பின்னால் தள்ளுங்கள். நாதஸ்வரத்துக்குத் தனி மைக் வைத்தே ஆக வேண்டும் என்றாலும் அனசுக்கு (குழலின் விரிந்த வாய்க்கு) நேரே வைக்காதீர்கள், காதைக் கிழிக்கும். சத்தம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. குழலின் நடுப்பகுதிக்கு மேலே இரண்டடி தள்ளி வைத்தால் இனிமையாக விழும். யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதுதான் அங்கே மிக்சிங். அதற்கு இரண்டு இன்புட் போதும்.

பதிவு லெவலை மட்டும் வேகம் ஏறிய இடத்தில் பாருங்கள். ஆரம்பத்தில் அடக்கித்தான் வாசிப்பார்கள்.

செக்கானூரணி கீபோர்டு:
அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. மேளத்தை முதலில் பதிந்துவிட்டு, அதன்மேல் என் கீபோர்டைச் சேர்க்கலாமா? அப்புறம் எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

திருமங்கலம் தவில்:
சேர்க்கலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நாதஸ்வரம் இரண்டரைக் கட்டை சுருதி என்பார்கள், ஆனால் உங்கள் கீபோர்டின் இரண்டரையோடு மயிரிழை விலகி நிற்கும். வெயில் ஏறினால் இன்னும் மாறும். ஊதுகிறவரைக் கீபோர்டுக்கு இழுக்காமல், கீபோர்டு டியூனிங்கை அவருக்கு நகர்த்துங்கள். மெட்ரோனோம் போட்டு மேளம் அடிக்கச் சொல்லவும் வேண்டாம், மாமா கோபித்துக்கொள்வார்.

மேலூர் மிக்சர்:
கரண்டுக்கு: 008இஎக்ஸ், ஆர்8 இரண்டும் நாலு பென்சில் (ஏஏ) பேட்டரியில் ஓடும். களத்துக்கே தூக்கிப் போகலாம். ஆர்20, டிபி-24எஸ்டி இரண்டும் அடாப்டரில்தான் ஓடும், யுபிஎஸ் இல்லாமல் வைக்காதீர்கள்.

தவில்காரர் சொல்கிறபடி இரண்டு மைக் என்றால் என் ஓட்டு ஆர்8-க்கு. புதிது கிடைக்காவிட்டால் பழசு. தாள மெஷின் உள்ளேயே இருக்கிறது, உங்கள் சொந்தப் பாட்டுக்கு உதவும். ஒவ்வொரு ட்ராக்கும் மெமரி கார்டில் வேவ் ஃபைலாகவே இருக்கும், எடுத்து எந்தக் கம்ப்யூட்டரிலும் போடலாம். 008இஎக்ஸில் மெனுவுக்குள் போய் எக்ஸ்போர்ட் செய்தால்தான் வெளியே வரும். பெரிய தொல்லை இல்லை, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு எரிச்சல் வரும்.

கார்டு கணக்கு: 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பதிவுத் தரத்தில் ஒரு ட்ராக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி. இரண்டு ட்ராக் ஒரு மணி நேரம் ஓடினாலும் 1 ஜிபியைத் தாண்டாது. பெரிய கார்டு தேவையே இல்லை, நல்ல கார்டு தேவை.

செக்கானூரணி கீபோர்டு:
பழைய ஆர்8 ஒன்று மதுரையிலேயே விலைக்கு வந்திருக்கிறது. ஞாயிறு பார்க்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

மேலூர் மிக்சர்:
மைக்கும் ஒயரும் கையோடு கொண்டு போங்கள். இரண்டு இன்புட்டிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள், 48 வோல்ட் போட்டும் பாருங்கள். பாட்டு ஓடும்போதே ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் தள்ளுங்கள். கரகரத்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பதிந்து, அணைத்துப் போட்டுத் திரும்பக் கேளுங்கள். கார்டு ஸ்லாட் ஆடினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.